யாண்டும் அதன் பெயரும்: ஆண்டெழுதும் நெறி குறித்து ஒரு வரலாற்று நோக்கு

2024ஆம் ஆண்டு தீபாவளி கழிந்த சில நாள்களில் நடைபெறவிருந்த ஒரு ஜினாலய விழாவிற்கு எம் இல்லத்திற்கு இரண்டு அழைப்பிதழ்கள் வந்தன. வந்தவாசிப் பக்கத்து ஊரார் அச்சிட்டது ஒன்று. அவ்வூரை விட்டுத் தாம்பரத்தில் குடியேறிய உறவினர் அச்சிட்டது மற்றொன்று. நாள் ஒன்றே, நல்வேளையும் ஒன்றே. ஆயினும் வீர நிர்வாண ஆண்டு ஒன்றில் 2550 என்றும் மற்றொன்றில் 2551 என்றும் இருந்தது. எது சரி என்று மைத்துனர் வினவினார். அச்சுப் பிழையாக இருக்கும் என்று நானும் முதலில் எண்ணினேன். பின்னர் ஆராய்ந்தபோது காரணம் விளங்கிற்று. ஊரார் அழைப்பிதழ் தீபாவளிக்கு முன்னரே அச்சேறியது. அன்று கையிலிருந்த நாள்காட்டியின் எண் 2550. விழா நாளிலோ ஆண்டு மாறிவிட்டிருந்தது. எனவே 2551 என்பதே பொருந்தும்.

தாளில் நேர்ந்த பிழை விழாவோடு மறைந்துவிடும். ஆனால் அதே எண்ணைக் கல்லிலும் பொறிக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. கல்லில் நேரும் பிழை பல நூறு ஆண்டுகள் நிற்கும்; பின்வருவோர் அதையே சான்றாகக் காட்டுவர். ஆண்டை எவ்வாறு எழுதுவது என்பது சிறு செய்தி போலத் தோன்றினும், அதைச் செம்மையாக எழுதிய நம் முன்னோர் தமிழக வரலாற்றுக்கே கால அளவுகோலை வழங்கினர். அந்த வரலாற்றை நினைவுகூர்ந்து, நாம் கொள்ளத்தக்க நெறிகளை உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரசனின் யாண்டு

தாம்பரத்திலிருந்து மின்தொடர் வண்டியில் சானடோரியம், குரோம்பேட்டை கடந்தால் பல்லாவரம். அங்குள்ள குன்றில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயில் ஒன்று உள்ளது. நாளடைவில் அது தர்காவாக மாறியது. அம்மன்னனின் விருதுப்பெயர்கள் பல அங்கே வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. முதலில் சமணம் சார்ந்திருந்து பின்னர் சைவம் தழுவியவன் எனச் சைவ மரபு கூறும் அதே மகேந்திரன் இவன். பெயர்கள் இத்தனை இருந்தும் ஆண்டு ஒன்றேனும் அங்கில்லை. அவன் 6ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ஆண்டவன் என்பதைப் பிற சான்றுகளைக் கொண்டே அறிகிறோம்.

ஆண்டு குறிக்கப்பட்ட கல்வெட்டுகளிலும் பெரும்பாலானவை அரசனின் ஆட்சியாண்டையே குறிக்கும். இன்ன கோவுக்கு யாண்டு ஐந்தாவது, ஏழாவது என்பதே வழக்கம். பாண்டியர் கல்வெட்டுகளில் ஓர் யாண்டின் ‘எதிர்’ மற்றோர் யாண்டு என இரண்டு எண்களை அடுக்குவதும் உண்டு. அவ்விரண்டையும் கூட்டியே ஆட்சியாண்டை அறிய வேண்டும். எழுதிய நாளில் இம்முறை எவருக்கும் இடர் தரவில்லை. மன்னன் யார் என்பதை ஊர் அறியும். ஆனால் ஒரே பெயரில் மூவர் நால்வர் ஆண்ட குலங்களில், தலைமுறைகள் கடந்த பின்பு, ஆட்சியாண்டு மட்டும் இருந்தால் காலம் தெளிவதில்லை.

நம் சமயத்திற்கு மிக நெருங்கிய சான்று பள்ளன்கோயில் செப்பேடு. சிம்மவர்ம பல்லவன் தன் 6ஆம் ஆட்சியாண்டில் பருத்திக்குன்றைச் சார்ந்த வஜ்ரநந்திக் குரவருக்குப் பள்ளிச்சந்தமாக நிலம் வழங்கியதை அது கூறுகிறது. இன்று ஜினகாஞ்சி எனப் போற்றப்படும் திருப்பருத்திக்குன்றத்தின் தொன்மைக்கு இது தலையாய ஆவணம். ஆயினும் அதில் சக ஆண்டு இல்லை. எனவே 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி என்று அறிஞர் உய்த்துணர்ந்து கூறுகின்றனரேயன்றி, இன்ன ஆண்டு என்று அறுதியிட இயலவில்லை.

லோகவிபாகம் தந்த திறவுகோல்

இந்நிலைக்கு நேர்மாறாக அமைந்தது லோகவிபாகம் என்னும் ஜைன உலகியல் நூல். சர்வநந்தி முனிவர் பிராகிருதத்தில் இயற்றிய மூலம் இன்று கிடைக்கவில்லை. சிம்மசூரி செய்த வடமொழி ஆக்கமே நம் கைக்கு எட்டியுள்ளது. மூலநூல் எழுதப்பட்ட இடமும் காலமும் அதன் இறுதியில் குறிக்கப்பட்டுள்ளன. இடம், பாண நாட்டுப் பாடலிகை. இன்றைய கடலூரின் திருப்பாதிரிப்புலியூரே அது என்பர். காலம், காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டு. சக ஆண்டு 380. அத்துடன் சனி உத்திராடத்திலும், வியாழன் ரிஷபத்திலும், மதி உத்திரத்திலும் நின்ற நிலையும் சொல்லப்பட்டுள்ளது.

அச்செய்தியின் அருமையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆட்சியாண்டு, சக ஆண்டு, கோள்நிலை என மூன்று அளவைகளால் ஒரே நாள் குறிக்கப்பட்டுள்ளது. ஒன்று ஐயத்திற்கு இடமானாலும் மற்றவை காக்கும். சக 380 என்பது கி.பி. 458. அந்த ஆண்டு சிம்மவர்மனின் 22ஆம் யாண்டு எனில், அவன் அரியணை ஏறியது 436ஐ ஒட்டி என்பது பெறப்படும். முற்காலப் பல்லவர் வரலாற்றை எழுதிய அறிஞர்கள் இக்குறிப்பையே அச்சாணியாகக் கொண்டு ஏனைய மன்னர்களை முன்னும் பின்னும் வரிசைப்படுத்தினர். போர் வென்ற மன்னரின் மெய்க்கீர்த்தி செய்யாததை ஒரு முனிவரின் நூலிறுதிக் குறிப்புச் செய்தது.

இந்நூலுக்கு மற்றொரு பெருமையும் உண்டு. பேரெண்களை இடமதிப்பு முறையில், சுழியம் உட்படச் சொற்களால் எழுதிக் காட்டும் காலந்தெளிந்த மிகப் பழைய நூல்களுள் இதுவும் ஒன்று. இச்செய்தி பின்னர் நமக்குப் பயன்படும்.

ஐவர்மலையின் ஒரு வரி

பழனிக்கு அருகிலுள்ள ஐவர்மலை இரண்டாவது திறவுகோலை வழங்கியது. அங்குள்ள பார்சுவ பட்டாரர் திருமேனியையும் இயக்கியர் உருவங்களையும் குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் புதுப்பித்து, வழிபாட்டிற்குப் பொன்னும் வைத்தார். அதைக் கூறும் கல்வெட்டு சக ஆண்டு 792 என்பதையும் வரகுண பாண்டியனின் 8ஆம் ஆட்சியாண்டு என்பதையும் சேர்த்தே குறிக்கிறது. 792உடன் 78ஐக் கூட்ட 870 வரும். எனவே இரண்டாம் வரகுணன் முடிசூடியது 862-863 என்று துணியப்பட்டது. பாண்டியர் காலவரிசை இந்த ஒரு கல்லைப் பற்றியே பெரிதும் நிற்கிறது.

பல்லவர்க்கு ஒரு சர்வநந்தி. பாண்டியர்க்கு ஒரு சாந்திவீரர். இருவரும் வரலாறு எழுத முனைந்தவர் அல்லர். ஒருவர் உலகின் அமைப்பை உரைத்தார். மற்றவர் சிதைந்த திருமேனியைச் செப்பனிட்டார். ஆனால் இருவரும் மன்னனின் யாண்டை எழுதியபோது, மன்னன் மறைந்த பின்னும் நிற்கும் சக ஆண்டையும் உடன் எழுதினர்.

பெயர் பிறழ்ந்தால் எண் பொய்க்கும்

எண் சரியாக இருந்தாலும் அது எந்த ஆண்டுமுறையைச் சார்ந்தது என்ற பெயர் பிறழ்ந்தால் பெரும் பிழை நேரும். விக்கிரம ஆண்டு கி.மு. 57ஐ ஒட்டித் தொடங்குவது. சக ஆண்டு கி.பி. 78இல் தொடங்குவது. இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 135 ஆண்டுகள். விக்கிரம 990இல் தேவசேனர் இயற்றிய தரிசனசாரம் என்னும் நூல், தென்மதுரையில் வஜ்ரநந்தி திராவிட சங்கத்தை நிறுவியது விக்கிரம 526இல் என்று கூறுகிறது. அது கி.பி. 470ஐ ஒட்டிய காலம். அந்த 526ஐச் சகம் என்று கொள்வோமாயின் 604 ஆகிவிடும். பள்ளன்கோயில் செப்பேட்டின் வஜ்ரநந்தியும் இவரும் ஒருவரா வேறா என்ற வினாவில் இவ்வேறுபாடு எத்துணை முதன்மையானது என்பது சொல்லாமலே விளங்கும்.

வீர நிர்வாணக் கணக்கிலேயே இத்தகைய பிறழ்ச்சி நேர்ந்துள்ளது. வர்த்தமானர் நிர்வாணம் எய்திய 605 ஆண்டு 5 மாதத்திற்குப் பின் சக மன்னன் தோன்றினான் என்பது ஆசாரியர் மரபு. நேமிசந்திரரின் திரிலோகசாரம் இதைக் கூறுகிறது. அந்நூலுக்கு உரை கண்ட மாதவசந்திரர், அங்குள்ள சக மன்னன் என்பதற்கு விக்கிரமன் என்று பொருள் கொண்டார். அதன் விளைவைச் சிரவணபெளகொளத்துக் கல்வெட்டொன்றில் காணலாம். அதில் சக 1752, விக்கிரம 1888 ஆகியவற்றோடு வர்த்தமானர் ஆண்டு 2493 என்று பொறிக்கப்பட்டுள்ளது. 1888உடன் 605ஐக் கூட்டினால் 2493. சகத்தோடு கூட்ட வேண்டியதை விக்கிரமத்தோடு கூட்டிவிட்டனர். இன்று நாம் கொள்ளும் கணக்கின்படி அது 2357ஐ ஒட்டிய ஆண்டேயாம். ஒரு சொல்லின் பொருள் மாறியதால் 136 ஆண்டுகள் மிகுந்துவிட்டன. ஆயினும் மூன்று ஆண்டுமுறைகளையும் ஒருசேர எழுதிவைத்தமையால், பிழை எங்கு நேர்ந்தது என்பதையும் அக்கல்லே நமக்குக் காட்டிவிடுகிறது.

அறுபதாண்டுச் சுழற்சி

பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபது பெயர்கள் நம் இல்லங்களில் இன்றும் வழங்குகின்றன. திருப்பருத்திக்குன்றத்தில் விசயநகர அமைச்சர் இருகப்பர் செய்த அறங்கள் துந்துபி ஆண்டிலும் பிரபவ ஆண்டிலும் நிகழ்ந்தவை. முன்னதில் மகேந்திரமங்கலம் என்னும் ஊர் கோயிலுக்கு அளிக்கப்பட்டது. பின்னதில் சங்கீத மண்டபம் எழுந்தது. அரசர் பெயரும் அமைச்சர் பெயரும் தெரிந்தமையால் அவை 1382 என்றும் 1387-88 என்றும் அறியலாயிற்று. அப்பெயர்கள் இல்லாதிருந்தால் துந்துபி 1322ஆகவும் இருக்கலாம், 1442ஆகவும் இருக்கலாம்.

நம் குடும்பங்களிலும் இத்தகைய குறிப்புகள் உண்டு. நான் கண்ட ஓர் ஏட்டுச்சுவடியின் இறுதியில் பார்த்திப வருடம் ஆவணி மாதம் எழுதி முடித்தது என்று மட்டுமே இருந்தது. அது 1885ஆ, 1825ஆ? எழுதியவர் தம் பாட்டனாரா, பாட்டனாருக்குப் பாட்டனாரா என்பதை அக்குடும்பத்தார் இன்றும் அறியார். தந்தையார் பிறந்த ஆண்டைச் சுழற்சிப் பெயரால் மட்டும் குறித்துவைத்திருக்கும் இல்லங்கள், மூத்தோர் நம்மோடு இருக்கும்போதே அதனருகில் எண்ணையும் எழுதிவைத்தல் நலம்.

வீர நிர்வாண ஆண்டின் கணக்கு

இனி நமக்கே உரிய ஆண்டுமுறைக்கு வருவோம். மகாவீரர் பாவாபுரியில் நிர்வாணம் எய்தியது, நம் மரபின்படி, கி.மு. 527இல், தீபாவளி அமாவாசையின் விடியலில். வடநாட்டார் அதைக் கார்த்திகை மாதத்து அமாவாசை என்பர். நமக்கு அது ஐப்பசி அமாவாசை. நாள் ஒன்றே, மாதத்தின் பெயர்தான் வேறு. வடநூல்களைத் தமிழில் எழுதுவோர் கார்த்திகை என்றே பெயர்த்துவிடுவதால் இளையோர் குழம்புகின்றனர்.

தீபாவளிக்கு மறுநாள் புதிய வீர நிர்வாண ஆண்டு பிறக்கிறது. எனவே ஆங்கில ஆண்டு எண்ணுடன், சனவரி முதல் தீபாவளி வரை 526ஐயும், தீபாவளிக்குப் பின் 527ஐயும் கூட்ட வேண்டும். 2024 அக்டோபர் வரை 2550. தீபாவளிக்குப் பின் 2551. இந்த எண் நடப்பு ஆண்டைக் குறிப்பதேயன்றி முடிந்த ஆண்டைக் குறிப்பதன்று. குழந்தைக்கு நான்காம் ஆண்டு நடக்கும்போது மூன்று வயது நிறைந்திருப்பது போன்றது இது.

இவ்வேறுபாடு பெருவிழாக்களிலும் புலப்படும். 1974 தீபாவளி முதல் 1975 தீபாவளி வரை 2500ஆம் நிர்வாண விழா நாடெங்கும் கொண்டாடப்பட்டது. நம் அழைப்பிதழ்களில் இன்று இடம்பெறும் பொதுச் சமணச் சின்னம் அவ்விழாவையொட்டி ஏற்கப்பட்டதே. அன்று 2500 ஆண்டுகள் நிறைந்து 2501 நடப்பிலிருந்தது. 2550ஆம் நிர்வாண விழாவோ 2024 ஏப்ரலில் மகாவீர ஜெயந்தியன்று தில்லியில் தொடங்கிவைக்கப்பட்டது. அப்போது 2550 நடப்பாண்டு, நிறைந்திருந்தது 2549. முன்னது நிறைவைக் கொண்டாடியது, பின்னது நடப்பைக் கொண்டாடியது. இரண்டும் முறையே. ஆனால் எது என்று எழுதிவைக்காவிடில் பின்வருவோர் இடைவெளியைக் கண்டு மயங்குவர்.

மற்றொரு மயக்கம் சுழியத்தால் வருவது. கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1, இடையே சுழிய ஆண்டு இல்லை. எனவே கி.மு. ஆண்டையும் கி.பி. ஆண்டையும் கூட்டி இடைவெளி காண்போர் ஒன்றைக் கழித்தல் வேண்டும். கி.மு. 527 முதல் 1974 வரை 2501 அன்று, 2500. நிர்வாணத்தைச் சிலர் 528 என்று எழுதுவதற்கும் சுழியம், நடப்பு, நிறைவு என்பவற்றில் நேரும் இத்தகைய வேறுபாடுகளே வழிவகுக்கின்றன. சுழியத்தைக் கையாண்டு காட்டிய லோகவிபாகத்தின் வழிவந்த நாம், சுழியம் இல்லாத கணக்கில் இடறி விழலாகாது.

வரலாற்றறிஞருள் ஹெர்மன் யாகோபி போன்றோர், ஹேமசந்திரர் தரும் சந்திரகுப்த மௌரியன் கணக்கைக் கொண்டு நிர்வாணத்தை அறுபது ஆண்டுகள் பின்தள்ளி, கி.மு. 467ஐ ஒட்டி வைத்ததும் உண்டு. இக்கருத்தைப் பிள்ளைகள் பாடநூல்களில் காண நேர்ந்தால் திகைக்க வேண்டா. மரபுக் கணக்கு எது, ஆய்வாளர் கருத்து எது என்று பெயரிட்டுச் சொல்லக் கற்பித்தலே போதும்.

கி.பி., பொ.ஆ., திருவள்ளுவர் ஆண்டு

கி.மு., கி.பி. என்பவற்றுக்கு மாற்றாகப் பொது ஆண்டுக்கு முன், பொது ஆண்டு என்னும் பொருளில் பொ.ஆ.மு., பொ.ஆ. என்று எழுதும் வழக்கம் ஆய்வு நூல்களில் பெருகி வருகிறது. சமயச் சார்பற்ற பெயர் வேண்டும் என்பது அவர்தம் கருத்து. பெயர் மாறினும் எண் மாறாது. 870 என்றும் 870தான். எனவே எதைக் கொள்வது என்பது விருப்பத்தைப் பொறுத்தது. ஒரே மலரில், ஒரே கட்டுரையில் இரண்டையும் கலந்து எழுதுவதே குற்றம்.

மறைமலை அடிகள் வாழ்ந்ததும் நம் பல்லாவரத்தில்தான். அவரோடு இணைத்துப் பேசப்படும் திருவள்ளுவர் ஆண்டு, ஆங்கில ஆண்டுடன் 31ஐக் கூட்டிப் பெறுவது. தமிழக அரசு அதை ஏற்று வழங்குகிறது. திருக்குறளைக் குந்தகுந்த ஆசாரியரோடு இணைத்துப் போற்றி, பொன்னூர் மலையில் அவர் திருவடியை வணங்கும் நமக்கும் அப்பெயர் உவப்பானதே. ஆயினும் அந்த 31 என்பது வழக்கிற்காக வகுத்துக்கொண்ட எண். அதை நூலாசிரியர் காலத்திற்குச் சான்றாகக் காட்டுதல் முறையன்று.

சக ஆண்டையே இந்திய அரசு 1957 மார்ச் 22 முதல் தேசிய நாள்காட்டியின் ஆண்டாகக் கொண்டது. மேகநாத சாகா தலைமையிலான குழு அதைப் பரிந்துரைத்தது. சர்வநந்தியும் சாந்திவீரரும் கையாண்ட அதே ஆண்டுமுறை இன்றும் அரசிதழில் நிற்பது நமக்கு மகிழ்வூட்டுவதாகும்.

2025ஆம் ஆண்டு மகாவீர ஜெயந்தி ஏப்ரல் 10இல் அமைந்தது. அந்நாள் வீர நிர்வாணம் 2551, சகம் 1947, திருவள்ளுவர் ஆண்டு 2056, தமிழாண்டு குரோதி, பங்குனி மாதம். சக ஆண்டு மார்ச்சிலேயே பிறந்துவிட்டது. விசுவாவசு பிறக்க இன்னும் நான்கு நாள் இருந்தது. ஒரே பகலவன் கீழ் ஓர் ஆண்டு புதிது, ஓர் ஆண்டு பழையது.

நாம் கொள்ளத்தக்க நெறிகள்

மலர் தொகுப்போரும், அழைப்பிதழ் அச்சிடுவோரும், ஆலயத்தில் கல் பதிப்போரும் பின்வருவனவற்றை மனங்கொள்ள வேண்டுகிறேன்.

முதலாவது, கல்வெட்டில் ஒருபோதும் ஒரே ஆண்டுமுறையோடு நின்றுவிடலாகாது. வீர நிர்வாண ஆண்டும் பொது ஆண்டும் உடனிருத்தல் வேண்டும். தமிழாண்டுப் பெயர் மூன்றாவதாக அமைந்தால் ஐவர்மலை நெறியையும் விஞ்சியதாகும்.

இரண்டாவது, வீர நிர்வாண எண்ணை விழா நடைபெறும் நாளுக்கு உரியதாக எழுதுக. அச்சிடும் நாளுக்கு உரியதாக எழுதற்க. ஐப்பசி, கார்த்திகை விழாக்களில் இருமுறை சரிபார்க்க.

மூன்றாவது, ஆண்டுமுறையின் பெயர் எண்ணுக்கு முன் வருக: கி.மு. 527, சகம் 792, வீர நிர்வாணம் 2551. பெயரின்றி எண்ணை மட்டும் எழுதினால் அது பொது ஆண்டாகவே கொள்ளப்படும்.

நான்காவது, கி.மு. ஆண்டுகளின் தொடர்ச்சியைச் சுருக்கற்க. மகாவீரர் காலத்தைக் கி.மு. 599-527 என்று முழுமையாக எழுதுக. 599-27 என்றால் பொருள் திரியும்.

ஐந்தாவது, சக ஆண்டுடன் 78ஐக் கூட்டுக. சனவரி முதல் சக ஆண்டுப் பிறப்பு வரையுள்ள நாள்களுக்கு 79. மாதம் தெரியாதபோது 458-59 என்பது போல் இரண்டாண்டையும் சுட்டுக.

ஆறாவது, பழைய கல்வெட்டையோ சுவடியையோ எடுத்தெழுதும்போது அதிலுள்ள ஆண்டை உள்ளவாறே முதலில் எழுதி, நாம் கணித்த ஆண்டை அடுத்து எழுதுக. நம் கணிப்பு தவறினும் மூலம் பிழைக்கும்.

வந்தவாசி, திண்டிவனம், ஆரணி, செஞ்சிப் பகுதிகளிலிருந்து பிழைப்பின் பொருட்டுப் புறப்பட்டு, தாம்பரம் தொடங்கி ஆதம்பாக்கம் வரை பரவி வாழும் நாம், ஊர்க்கோயிலின் கல்லைத் தினமும் காண்பதில்லை. ஊரில் இருந்தபோது பெரியோர் வாயால் அறிந்தவை, இங்கு எழுத்தால் மட்டுமே அடுத்த தலைமுறையைச் சேரும். முற்கூறிய ஊர் அன்பர்களிடம் இவற்றை எடுத்துரைத்தபோது அவர்கள் சற்றும் வருந்தாது சிற்பியை நிறுத்தி, எண்ணைத் திருத்தி, அருகில் பொது ஆண்டையும் சேர்த்துப் பொறித்தனர். அக்கல் இன்று வாயிலின் இடப்புறம் நிற்கிறது. ஆயிரம் ஆண்டு கழித்து அதைப் படிப்பவர் எவராயினும், அவருக்கு ஐயம் எழாது.

அறம் தழைக்க, அருகன் திருவடி வாழ்க!